கடலோர வெளிச்சத்தில் ஒயிட் பேலன்ஸ்: அரிச்சல்முனை விடியல் முதல் மீன் ஏலம் வரை

பாம்பனில் கருவாடு விற்கும் ஒரு ஆச்சியைப் படம் எடுத்து, அடுத்த வாரமே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஏந்தம்பி, எனக்கு ஒடம்பு சரியில்லாத மாதிரில இருக்கு?" என்று கேட்டார். ஃபோகஸ் சரியாக இருந்தது, எக்ஸ்போஷரும் சரிதான். ஆனால் கடைக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதன் வழியே இறங்கிய வெளிச்சம், வெயிலில் காய்ந்த அந்த முகத்தின் செம்பழுப்பை எடுத்துவிட்டுச் சாம்பலைப் பூசியிருந்தது. கேமரா ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் இருந்தது, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலையை அதனிடமே விட்டிருந்தேன். பின்னால் வெயில் அடித்துக்கொண்டிருந்த மணலையும் கடலையும் பார்த்து அது கணக்குப் போட்டுக்கொண்டது. ஆச்சியின் முகம் அந்தக் கணக்கில் ஒரு சின்ன மூலை.

அன்றிலிருந்து இந்தக் கரையில் ஒயிட் பேலன்ஸை நானே வைக்கிறேன். தொண்டியில் தொடங்கி மண்டபம், தனுஷ்கோடி போய், கீழக்கரை, ஏர்வாடி வழியாக மூக்கையூர் வரைக்கும் எங்கள் கரையில் எடுத்துப் பழகியதை இங்கே எழுதுகிறேன். கேனான், நிக்கான், சோனி எதுவானாலும் இதே முறைதான். மெனுவின் பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

கெல்வின் எண் சொல்வது என்ன

வெளிச்சத்தின் நிறத்தை கெல்வினில் அளக்கிறார்கள். மெழுகுவர்த்திச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின். பழைய குண்டு பல்பு 2700 முதல் 3000. நடுப்பகல் வெயில் 5200 முதல் 5500. மேகம் மூடிய வானம் 6000 முதல் 6500. வெயில் படாமல் நீல வானத்தின் வெளிச்சம் மட்டும் விழும் நிழல் 7000, 8000 வரை போகும். எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகிறது, இறங்க இறங்க மஞ்சளாகிச் சிவக்கிறது.

புதிதாகப் பழகுகிறவர்கள் குழம்புவது அடுத்த இடத்தில்தான். கேமராவில் எண்ணை ஏற்றினால் படம் நீலமாகாது, மஞ்சளாகும். காரணம் எளிது. நீங்கள் வைக்கும் எண், "இங்கே இருக்கும் வெளிச்சம் இது" என்று கேமராவுக்குச் சொல்லும் தகவல். 8000 என்றால், "வெளிச்சம் ரொம்ப நீலம், மஞ்சளைச் சேர்த்து ஈடுகட்டு" என்று அது புரிந்துகொள்ளும். 3000 என்றால், மஞ்சளைக் குறைக்க நீலத்தைச் சேர்க்கும். இந்த ஒரு தலைகீழ்க் கணக்கு மனதில் நின்றுவிட்டால் மீதியெல்லாம் கைப்பழக்கம்.

இன்னொன்று. 500 கெல்வின் மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவு தெரியாது. 3000-இலிருந்து 3500-க்குப் போனால் படம் கண்ணுக்குத் தெரிந்து மாறும். 7000-இலிருந்து 7500-க்குப் போனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு மாற்றம்தான் இருக்கும். அதனால் கீழே இருக்கும்போது 100, 200 என்று மெல்ல நகர்த்துங்கள். மேலே போனால் தாராளமாக நகர்த்தலாம்.

கேமராவில் வரும் சூரியன், மேகம், வீட்டு நிழல், பல்பு படங்களெல்லாம் இந்த எண்களுக்கு வைத்த பெயர்கள்தான். கேனானிலும் நிக்கானிலும் டேலைட் 5200, கிளவுடி 6000 என்றுதான் இருக்கும். ஷேட் கேனானில் 7000, நிக்கானில் 8000. தொடக்கநிலை கேமராக்கள் பலவற்றில் கெல்வின் எண்ணை நேராக வைக்க வழி இருக்காது. கவலை வேண்டாம், இந்த நான்கைந்து படங்களும், அந்த இடத்து வெளிச்சத்தை நாமே அளந்து வைக்கும் கஸ்டம் வசதியும் இருந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

ஆட்டோ இந்தக் கரையில் ஏன் வழுக்குகிறது

ஆட்டோ என்பது ஊகம். எல்லா நிறமும் கலந்து கிடக்கும் ஒரு கடைத்தெருவில், மொத்தத்தையும் சராசரி எடுத்தால் சாம்பலுக்குப் பக்கத்தில் வரும் என்பது அந்த ஊகத்தின் அடிப்படை. இன்றைய கேமராக்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போடுகின்றன. ஆனாலும் ஒரே நிறம் ஃபிரேமை நிறைத்தால் தடுமாறுகின்றன. நம் கரையில் எங்கே திருப்பினாலும் ஒரே நிறம்தான். பாதி வானம், பாதி கடல். இல்லையென்றால் முழுக்க மணல். வாலிநோக்கம் பக்கம் போனால் முழுக்க உப்பு.

இதைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று உண்டு. வலையை இழுக்கும் ஒருவரைக் கடலோடு சேர்த்து அகலமாக ஒரு படம், அடுத்து அவர் முகத்தை மட்டும் நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் மாறவில்லை, ஆள் மாறவில்லை. ஆனால் ஆட்டோவில் இரண்டு படத்திலும் தோல் நிறம் வேறுவேறாக வரும். இருபது படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இருபது மனிதர்கள் போல இருக்கும். நீங்கள் வைத்த எண் கொஞ்சம் தப்பாக இருந்தாலும், எல்லாப் படத்திலும் ஒரே தப்பாக இருக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றதெல்லாம் சேர்ந்து திருந்திவிடும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது

முதலில் கோப்பு வகையை ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) என்றோ, ரா உடன் ஜேபெக் என்றோ வையுங்கள். ராவில் ஒயிட் பேலன்ஸ் ஒரு குறிப்பாகத்தான் கூடவே போகும், சென்சார் பதிந்ததை அது மாற்றாது. பிறகு கம்ப்யூட்டரில் தரம் குறையாமல் மாற்றலாம். ஜேபெக் மட்டும் எடுத்தால் நிறம் அங்கேயே சுட்ட செங்கல் மாதிரி இறுகிவிடும்.

"ரா இருக்கும்போது அங்கேயே எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் கழித்துத் திறக்கும்போது ஆச்சியின் முக நிறம் உங்களுக்கு நினைவிருக்காது. இரண்டாவது, கேமராத் திரையில் வெளிச்சத்தின் அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருகிறது. சூரிய உதயத்தில் 8000 வைத்துவிட்டால், சிவப்பு வலது ஓரத்தில் முட்டி நிற்பதாகக் காட்டும். ராவில் அது முட்டியிருக்காது. அதை நம்பி வெளிச்சத்தைக் குறைத்தால் நிழல்கள் வீணாக இருண்டுபோகும்.

அடுத்தது சாம்பல் அட்டை, அதாவது கிரே கார்டு. எந்த நிறச் சாயலும் இல்லாத இதை வைத்துத்தான் வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிறோம். விலை பெரிதில்லை, பையில் மடக்கி வைக்கலாம். அதற்குப் பதிலாகக் கண்ணில் படும் வெள்ளையை நம்பாதீர்கள் என்பதை அழுத்தியே சொல்கிறேன். வெள்ளை வேட்டி வெள்ளை இல்லை, அதில் சொட்டு நீலம் ஏறியிருக்கிறது. பிரிண்டர் காகிதத்தில் பளிச்சென்று தெரிவதற்கான ரசாயனம் கலந்திருக்கிறது, பகல் வெளிச்சத்தில் அது நீலத்தை உமிழும். இவற்றை வைத்து அளந்தால் கேமரா ஈடுகட்டுகிறேன் என்று படத்தை மஞ்சளாக்கிவிடும். சங்கு? அதிலும் பாலேடு போல ஒரு மஞ்சள் சாயல் உண்டு. உப்புக் குவியல் வானத்தின் நீலத்தை அப்படியே வாங்கிக் காட்டும்.

கடைசியாகத் திரை. உச்சி வெயிலில் கேமராத் திரையில் நிறம் பார்க்கவே முடியாது. துண்டைத் தலைக்கு மேல் போட்டு அதன் நிழலில் பாருங்கள், அல்லது வியூஃபைண்டர் வழியே பாருங்கள். அதற்கு முன் கூலிங்கிளாஸைக் கழற்றிவிடுங்கள்.

விடியற்காலை, அரிச்சல்முனை

சூரியன் வருவதற்கு முன்னால் உள்ள அரைமணி நேரம் முழுக்க நீலம். அந்த நீலம் வேண்டும் என்றால் 4500 முதல் 5000 வரை வையுங்கள். ஷேட் வைத்தால் வானம் பழுப்பேறி, விடியற்காலை என்றே தெரியாமல் போய்விடும்.

சூரியன் மேலே வந்ததும் நிறைய பேர் செய்யும் தவறு, வெளிச்சத்தைச் "சரி" செய்வது. அடிவானத்தில் சூரியன் இருக்கும்போது வெளிச்சம் 2500, 3000 கெல்வின் அளவில் இருக்கும். அந்த எண்ணையே கேமராவில் வைத்தால் கணக்குப்படி சரி, ஆனால் உதயமே அழிந்துவிடும், பத்து மணி வெயில் போல் வரும். ஆட்டோவும் கொஞ்சம் இந்தப் பக்கம்தான் சாயும். டேலைட்டில், அதாவது 5200-இல் விட்டுவிடுங்கள். ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருக்கும். இன்னும் கொஞ்சம் கனம் வேண்டுமென்றால் 6000. அதற்கு மேல் நான் போவதில்லை. கடலும் மணலும் ஆளும் எல்லாம் ஒரே மஞ்சள் குழம்பாகி, பெண்கடலுக்கும் ஆண்கடலுக்கும் நிற வித்தியாசம் தெரியாமல் போய்விடும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல் என்று இரண்டும் சேரும் இடத்தில் நின்றுகொண்டு அந்த வித்தியாசத்தை இழப்பது பெரிய நஷ்டம்.

உதயத்தைப் பின்னால் வைத்து ஆளுக்கு ஃப்ளாஷ் அடித்தால் இன்னொரு சிக்கல். ஃப்ளாஷின் வெளிச்சம் ஏறக்குறைய 5500. ஆரஞ்சு வானத்துக்கு முன்னால் முகம் மட்டும் வெளுத்துப்போய், ஒட்டவைத்தது போல நிற்கும். ஃப்ளாஷ் முகப்பில் பாதி அளவு ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒன்றை ஒட்டி, ஒயிட் பேலன்ஸை டேலைட்டிலேயே வைத்தால் முகமும் வானமும் ஒன்றுசேரும்.

வெயில் ஏறிய பிறகு

ஒன்பது மணி முதல் நான்கு மணி வரை பெரிய வேலையில்லை. டேலைட் போதும். சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அப்போது முகத்தில் விழுவது நேர் வெயில் இல்லை, மணலிலிருந்து எகிறும் வெளிச்சமும் நீல வானத்தின் வெளிச்சமும். 5500, 5600 என்று கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்துக்கு கிளவுடி. பாம்பன் பாலத்தடியில் அலையைப் புகைபோல எடுக்க வெளிச்சத்தைக் குறைக்கும் அடர்ந்த என்.டி. ஃபில்டர் போடுகிறவர்கள், ஃபில்டருக்கென்று தனி நிறச் சாயல் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஃபில்டரை மாட்டியபடியே கீழே சொல்லும் கஸ்டம் முறையைச் செய்ய வேண்டும்.

உப்பளத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சாயங்கால வெயிலில் உப்புக் குவியலின் ஒரு பக்கம் பொன்னாகவும் மறுபக்க நிழல் நீலமாகவும் இருக்கும். "உப்பு வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்" என்று எதையாவது ஒரு பக்கத்தைத் திருத்தப் போனால் மற்றப் பக்கம் கெடும். டேலைட்டில் வைத்து, இரண்டு நிறத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். கண் பார்த்ததும் அதைத்தான்.

நிழல்தான் உண்மையான பரீட்சை

நம் ஊரில் மனிதர்கள் வெயிலில் நிற்பதில்லை. வலை பின்னுவது, கருவாடு தரம் பிரிப்பது, பாசி காயவைத்துவிட்டு டீ குடிப்பது எல்லாம் நிழலில்தான். எனவே மனிதர்களை எடுக்கிறவர் நிழலைப் படிக்கப் பழக வேண்டும். "நிழலா, ஷேட் வை" என்ற சூத்திரம் திறந்த வானத்துக்குக் கீழே, படகின் மறைவிலோ சுவரின் மறைவிலோ நிற்கும் ஆளுக்கு மட்டும் பொருந்தும். அங்கே 7000 அழகாக வேலை செய்யும். மற்ற நிழல்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

கீற்றுக் கொட்டகைக்குள் வெளிச்சம் மணலில் பட்டு, காய்ந்த ஓலையில் பட்டு, பழுப்பேறித்தான் முகத்துக்கு வருகிறது. அங்கே ஷேட் வைத்தால் முகம் மஞ்சள் காமாலை போல் ஆகும். 5000, 5200 போதும். காரங்காட்டில் படகு ஏறி அலையாத்திக் காட்டுக்குள் போனால் இலைகளின் பச்சை முகத்தில் இறங்கும். இந்தப் பச்சையைக் கெல்வின் எண்ணால் எடுக்கவே முடியாது. ஏனென்றால் கெல்வின் நகர்வது மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில் மட்டும். பச்சைக்கும், அதற்கு எதிரான மெஜந்தாவுக்கும் (ஊதா கலந்த சிவப்பு) நடுவில் இன்னொரு அச்சு உண்டு. மெனுவில் ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்ட் என்றோ, ஃபைன் டியூன் என்றோ கட்டம் போட்ட ஒரு சதுரம் வரும். அதில் ஏ, பி என்பவை மஞ்சள்-நீலம், ஜி, எம் என்பவை பச்சை-மெஜந்தா. எம் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்துங்கள், போதவில்லை என்றால் இன்னொன்று. காட்டை விட்டு வெளியே வந்ததும் மறக்காமல் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வேறு ஒயிட் பேலன்ஸுக்கு மாறினாலும் இந்த நகர்வு கூடவே ஒட்டிக்கொண்டு வரும் கேமராக்கள் உண்டு.

தார்ப்பாயும் கல்யாணச் சாமியானாவும்தான் கடுமையானவை. துணியின் நிறம் எதுவோ அதுதான் வெளிச்சம். கேமராவில் முன்பே இருக்கும் எந்தப் பிரீசெட்டும் உதவாது, கஸ்டம் ஒன்றே வழி. அதைச் செய்வது இப்படி:

ஆள் இருக்கும் அதே இடத்தில், அதே வெளிச்சம் விழும்படி சாம்பல் அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். "அண்ணே, இதை மூஞ்சிக்கிட்ட ஒரு நிமிஷம் பிடிங்க" என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் பிடித்தால் பயன் இல்லை. உங்கள் தலைக்கு மேல் தார்ப்பாய் இல்லாமல் இருக்கலாம். அட்டை பளபளக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கட்டும். உங்கள் சட்டை சிவப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அட்டையை ஒட்டி நிற்காதீர்கள், அந்த நிறம் அட்டையில் விழும்.

ஃபிரேமின் நடுப்பகுதி முழுக்க அட்டை நிறையும்படி, வெளிச்சம் கூடாமலும் குறையாமலும் அளந்து, கேனானில் ஒரு படம் எடுங்கள். மெனுவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸுக்குப் போய் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு, பலரும் விட்டுவிடும் படி இது, ஒயிட் பேலன்ஸ் பட்டியலில் கஸ்டம் குறியைத் தேர்ந்தெடுங்கள். நிக்கானில் பிரீசெட் மேனுவல் என்பதைத் தேர்ந்து, ஒயிட் பேலன்ஸ் பட்டனை விட்டு மறுபடி அழுத்திப் பிடித்தால் குறி மினுக்கும். மினுக்கும்போதே அட்டையைப் பார்த்து ஷட்டரை அழுத்தினால் அளவு எடுத்துக்கொள்ளும். சரியாக அமையாவிட்டால் அதுவே சொல்லிவிடும். சோனியில் கஸ்டம் அமைப்புக்குள் போனால் திரை நடுவில் ஒரு குறி வரும், அதை அட்டையின் மேல் வைத்து அழுத்தினால் கெல்வின் எண்ணையும் சேர்த்தே காட்டும்.

பிறகு அட்டையை வாங்கி வைத்துவிட்டு எடுங்கள். பின்னால் வெயில் படும் கடல் மஞ்சளாகத் தெரியும். தெரியட்டும். தார்ப்பாய்க்குள் இருக்கும் முகத்தையும் வெளியே இருக்கும் கடலையும் ஒரே எண்ணில் சரிசெய்ய எந்தக் கேமராவாலும் முடியாது. யார் முகம் முக்கியமோ அவருக்கு வையுங்கள். முடிந்தால் கடல் தெரியாத கோணத்துக்கு இரண்டு அடி நகர்ந்துகொள்ளுங்கள், அதுதான் மிகச் சிறந்த திருத்தம்.

கறுத்த தோலுக்குச் சின்ன நீலச் சாயல்கூடப் பெரிய கெடுதல். வெளுத்த தோலில் அது குளிர்ச்சியாகத் தெரியும், நம் மக்களின் தோலில் உயிர் போனது போல் தெரியும். சந்தேகம் வந்தால் அட்டை சொன்ன அளவைவிட ஒரு 200, 300 கெல்வின் கூடுதலாக வையுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் வைக்கிறேன்.

இருட்டும் விளக்கும், மீன் ஏலம்

விடிவதற்கு முன் படகுகள் கரைக்கு வந்து ஏலம் நடக்கும்போது மேலே வானம் நீலம், கீழே எல்.இ.டி. விளக்கு, டீக்கடையில் மஞ்சள் பல்பு. இங்கே விளக்கு என்றதும் பல்பு படம் போட்ட டங்ஸ்டனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தவறு. நம் கடைகளில் கூல் டேலைட் என்று விற்கும் எல்.இ.டி. பல்புகளின் அட்டையில் 6500 என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அதற்கு 3200-க்குரிய டங்ஸ்டன் வைத்தால் மீனும் ஆளும் நீலத்தில் மூழ்கிவிடும். 6000-இல் தொடங்குங்கள். மலிவான எல்.இ.டி.யில் பச்சைச் சாயல் இருக்கும், எம் பக்கம் ஒரு கட்டம் நகர்த்துங்கள். சூடை, காரல், சீலா போன்ற வெள்ளி மீன்கள் இங்கே நல்ல சாட்சி. செதில் பச்சையாகத் தெரிந்தால் உடனே கண்ணில் படும்.

இரண்டு மூன்று வெளிச்சம் கலந்தால், முகத்தில் எது விழுகிறதோ அதற்கு மட்டும் வையுங்கள். ஏலம் கூறுகிறவருக்கு எல்.இ.டி. என்றால் 6000, பின்னணியில் டீக்கடை பொன்னாகத் தெரிவது அழகுதான். அந்த டீக்கடைக்காரரையே எடுப்பதானால் 3200-இல் தொடங்கி, படத்தைப் பார்த்து 3600, 3800 வரை ஏற்றுங்கள். முழுதாகத் திருத்தி பல்பின் மஞ்சளையே எடுத்துவிட்டால் அது இரவாக இருக்காது. ஆட்டோவை நான் நம்பும் ஒரே இடமும் இதுதான்: ஒவ்வொரு விளக்குக்கும் கீழே வேகமாக நகர்ந்துகொண்டே எடுக்கும்போது எண் மாற்ற நேரம் கிடைக்காது. பல கேமராக்களில் ஆட்டோவுக்குள்ளேயே வெள்ளைக்கு முன்னுரிமை, சூழலுக்கு முன்னுரிமை என்று இரண்டு வகை உண்டு. சூழலைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய மஞ்சள் சோடியம் விளக்கு மட்டும் எரியும் இடத்தில் எதை வைத்தாலும் நிறம் வராது. அந்த வெளிச்சத்தில் மற்ற நிறங்கள் மிகமிகக் குறைவு, இல்லாததைக் கேமராவால் சேர்க்க முடியாது. கறுப்பு வெள்ளையாக எடுத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில்

ஒவ்வொரு வெளிச்சத்திலும் அட்டையோடு ஒரு படம் எடுத்திருந்தால், இங்கே ஐந்து நிமிட வேலை. சொட்டுக் குழாய் போன்ற கருவியால் அட்டையைத் தொட்டால் கெல்வினும் டின்ட்டும் (பச்சை-மெஜந்தா அளவு) அமைந்துவிடும். அந்த வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் அதையே ஒட்டுங்கள். அட்டை இல்லாத படத்தில் கண்ணின் வெண்மையையோ பல்லையோ தொட்டுப் பார்க்காதீர்கள், அவை நடுநிலையான வெள்ளை அல்ல. ஐஸ் பெட்டியின் சாம்பல் நிழலோ, கறுப்புச் சாலையோ பரவாயில்லை. கண்ணும் களைத்துப்போகும். பத்து நிமிடம் ஒரே மஞ்சள் படத்தைப் பார்த்தால் அதுவே சரியென்று தோன்றும். எழுந்து வெளியே போய் வந்து பாருங்கள்.

ஆச்சியின் படத்தை மறுபடி போய் எடுத்தேன். இந்த முறை அட்டையை அவரே பிடித்துக்கொண்டார். தார்ப்பாய் அதே நீலம்தான். பிரிண்டைக் கொடுத்ததும் கடைத் தராசுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

இரவு எடுத்து முடித்ததும் ஒயிட் பேலன்ஸை டேலைட்டுக்கும், ஷிஃப்ட்டை நடுவுக்கும் கொண்டுவந்துவிட்டு கேமராவைப் பையில் வையுங்கள். மறுநாள் அரிச்சல்முனைக்கு இருட்டில் போய் நிற்கும்போது, நேற்றைய டீக்கடை எண் அதிலேயே இருக்கக் கூடாது.